அரிவரியிலிருந்து தரம் ஒன்று வரை: நத்தார் விடுமுறைக்கு முந்திய வாரங்கள்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் படங்களுக்கும், கட்டடத் திறப்பு விழாக்களுக்கும், பரீட்சைப் பெறுபேறுகளுக்கும், வலைப்பந்தாட்டக் கிண்ணங்களுக்கும் இடம் நிச்சயம் உண்டு. முதலாம் வகுப்புக்கு இடம் கிடைப்பது அரிது. அங்கே யாரும் பெரிய பரிசு வாங்கியதில்லை, யாரும் பேச்சுப் போட்டியில் வென்றதில்லை. பல்லு விழுந்தது, பென்சில் தொலைந்தது, அழுதுகொண்டே வந்து சிரித்துக்கொண்டே போனது, இவ்வளவுதான் பலருக்கும் நினைவில் மிஞ்சியது. ஆனால் இந்தக் கரையோரத்துப் பெண்பிள்ளைகளின் வாழ்வைத் திருப்பிய தீர்மானங்கள் பல அந்த அறையில்தான் செயலுக்கு வந்தன. எந்த மொழியில் முதல் எழுத்து, எந்த வயதில் பள்ளிக்கூடம், அடுத்த வருடம் மேல் வகுப்பா அல்லது அடுப்படியா என்பதெல்லாம் அங்கே முடிவானது. அதிலும் மூன்றாம் தவணையின் கடைசி வாரங்கள், அதாவது நத்தார் விடுமுறைக்கு முந்திய வாரங்கள், வருடம் முழுவதன் கணக்கும் தீர்க்கப்படும் காலம். அந்த வாரங்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் பெயர். எங்கள் பழைய மாணவியர் கூட்டத்தில் ஒருவரின் வயதை அறிய வேண்டுமானால், அவர் படித்த முதல் வகுப்பை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் போதும். “அரிவரி” என்றால் மூத்தவர். “பாலர் கீழ்ப்பிரிவு, பாலர் மேற்பிரிவு” என்றால் அவருக்கு அடுத்தவர். “ஆண்டு ஒன்று” என்றால் நடு வயது. “தரம் ஒன்று” என்றால் இன்னும் கைத்தொலைபேசியைக் கீழே வைக்காத வயது. அரி என்று இறைவனை அழைத்துத் தொடங்கி எழுத்தின் வரிசையைக் கற்பதால் அரிவரி என்ற பெயர் வந்ததென்பார்கள். கன்னியர் மடத்துப் பள்ளியிலும் கத்தோலிக்கப் பிள்ளைகள் எவ்விதக் கூச்சமும் இன்றி அரிவரி வகுப்பு என்றே சொல்லி வந்தார்கள். சொல் எங்கிருந்து வந்ததென்று யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்தது கடல். புத்தளம் மாவட்டத்தின் கரையில் பள்ளிக்கூட நாட்காட்டி ஒன்று, கடலின் நாட்காட்டி இன்னொன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையுள்ள மீனவக் குடும்பங்கள் பல அந்தக் காலத்தில் வடக்கு, கிழக்குக் கரைகளுக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்தன. குடும்பத்தோடு போனால் பிள்ளையும் போகும். ஆகையால் சித்திரைக்குப் பின் முதலாம் வகுப்பின் இடாப்பில் வரவுக் குறிகள் மெலியும். ஐப்பசியில் காற்று மாறி வாடை தொடங்கும்போது வள்ளங்கள் திரும்பும், பிள்ளைகளும் திரும்புவார்கள். “ஆ”வரை எழுதத் தெரிந்து போனவள் அதையும் மறந்து வந்து நிற்பாள். அவளுக்கு மிச்சம் இருப்பது இரண்டு மாதம்தான். இந்தக் கரையோரப் பாடசாலைகளில் மூன்றாம் தவணை இதனால்தான் மற்ற ஊர்களைவிடக் கனமாக இருந்தது. மழையும் அப்போதுதான் வரும். உப்பளத்தில் வேலை இராது, தகப்பன்மார் வீட்டில் இருப்பார்கள், பாதைகளில் தண்ணீர் நிற்கும். பிள்ளையைத் தோளில் சுமந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகும் தகப்பன்மாரை அந்த ஒரு பருவத்தில்தான் ஆசிரியைகள் காண்பார்கள்.

கடல் மாத்திரமல்ல, இருப்புப்பாதையும் பள்ளியைத் தீர்மானித்தது. கொழும்புப் புகையிரதம் 1916 இல் சிலாபத்துக்கும் 1926 இல் புத்தளத்துக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் வெளியூர் ஆசிரியைகள் இந்தப் பக்கம் துணிந்து வந்தார்கள். டிசம்பரில் அவர்கள் வீடு செல்லும் வண்டியை முன்னிட்டே பல இடங்களில் விடுமுறைத் திகதி பேசப்பட்டதென்று மூத்தவர்கள் சிரித்துச் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நம்பக்கூடிய கதை.

அந்த நாளைய முதலாம் வகுப்பில் பொருட்கள் கொஞ்சம். கற்பலகை, கற்குச்சி, துடைக்க ஈரத்துணி. அதற்கும் முன்னே மணல். கடற்கரை மணலைச் சலித்துப் பலகையில் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து எழுதுவிப்பார்கள். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, சோகி, சிப்பி. தென்னை முக்கோணம் எனப்படும் நிலப்பகுதி இது. ஆதலால் ஈர்க்குக்குப் பஞ்சமில்லை. பத்து ஈர்க்கை நாரால் கட்டினால் ஒரு பத்து, கட்டாதவை ஒன்றுகள். பத்தினிடமும் ஒன்றினிடமும் இதைவிடத் தெளிவாக விளங்கப்படுத்தும் கருவியை எந்தத் திட்டமும் பிற்காலத்தில் கொண்டுவரவில்லை என்பது முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்பப் பிரிவில் கற்பித்த என் அபிப்பிராயம். மரியா மொண்டிசோரி அம்மையார் 1944 இல் இலங்கைக்கு வந்து பயிற்சி நடத்தினார். அவருடைய மணிக் கோவைகளைப் பின்னர் பார்த்தபோது எனக்கு நம் ஈர்க்குக் கட்டுத்தான் ஞாபகம் வந்தது.

எல்லாப் பிள்ளைகளும் வெறுங்கையோடு வந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் ஓதப் பள்ளியில் அலிஃப், பே கற்று, வலமிருந்து இடமாகப் படிக்கத் தெரிந்தவர்களாக வந்தார்கள். அவர்களின் உம்மம்மாமாரில் பலர் அரபு எழுத்தில் எழுதிய தமிழை, அரபுத்தமிழை, சரளமாக வாசிப்பவர்கள். பள்ளிக்கூடக் கணக்கில் அந்தப் பெண்கள் எழுத்தறியாதவர்கள்! உடப்பு, முன்னேஸ்வரப் பக்கத்து இந்துப் பிள்ளைகளுக்கு விஜயதசமியன்று ஏடு தொடக்கி அரிசியில் எழுதிய பழக்கம் இருந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஜெபங்கள் மனப்பாடம். மூன்று வழியாக மூன்று விதமான எழுத்தறிவு வந்து ஒரே பாயில் உட்கார்ந்தது. அதை ஒன்றாக்குவதுதான் அரிவரி ஆசிரியையின் வருட வேலை.

டிசம்பர் பிறந்தால் பாடம் குறையும், வேலை கூடும். பாலன் குடிலுக்காகச் சிரட்டையில் மண் நிரப்பிக் குரக்கனும் பயறும் விதைப்பார்கள். விடுமுறைக்கு முன் முளைக்க வேண்டும் என்பதால் நாட்களை எண்ணி விதைக்க வேண்டும். பிள்ளைகள் தினமும் ஈர்க்கால் முளையை அளந்து பார்ப்பார்கள். சுற்றாடல் பாடம், கணிதம், சமயம் மூன்றும் ஒரு சிரட்டைக்குள் நடந்தன. அவ்வளவு பெரிய பெயர்கள் அப்போது அவற்றுக்கு இருக்கவில்லை. தென்னோலையில் கிளி, பாம்பு, மணிக்கூடு, ஊதுகுழல். ஊதுகுழல் செய்த நாளில் பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து சண்டை பிடிப்பது வழமை. ஈர்க்கும் மினுங்கற் கடதாசியும் கொண்டு நட்சத்திரம். சிப்பியில் சுண்ணாம்பு பூசிக் குடிலின் பாதை. இந்துப் பிள்ளைகளுக்கு அதே காலத்தில் திருவெம்பாவை வரும். நட்சத்திரம் ஒட்டிய கையோடு விடியற்காலையில் கோயிலுக்குப் பூக் கட்டியவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இப்போது “ஒளி விழா” என்று மேடையில் நடப்பதன் வேர் இந்தச் சிரட்டைகளில்தான். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பையொட்டிய தனி விடுமுறை அட்டவணை உண்டு. ஆகவே அங்கே படித்த நம் தோழியருக்கு இந்த டிசம்பர் நினைவுகள் வேறு மாதங்களில் நடந்தவையாக இருக்கும்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத ஒப்புக்கொண்டதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

நம் பழைய மாணவியரில் ஒரு பகுதியினர் இதை வாசிக்க மாட்டார்கள். வாசிக்க முடியாது. அவர்களின் பாட்டிமார் தமிழில் ஜெபமாலை சொன்னவர்கள், தமிழில் கடிதம் எழுதியவர்கள். பேத்திமார் சிங்களத்தில் படித்தவர்கள். நீர்கொழும்பிலிருந்து சிலாபத்துக்கும் அப்பால் வரை நீண்ட கத்தோலிக்கக் கரையோரத்தில் இந்த மாற்றம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் நடந்தது. அது நடந்த இடம் முதலாம் வகுப்பு.

இரு மொழியும் இந்தக் கரைக்குப் புதியதல்ல. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் 18 ஆம் நூற்றாண்டில் தமிழிலும் சிங்களத்திலும் சமய நூல்கள் எழுதினார். 1742 இல் காலமாகி போலவத்தையில் அடக்கம் செய்யப்பட்டார். கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி “தமிழ் புளூராக்” எழுதினார். பொதுமக்கள் மட்டத்திலும் வீட்டில் தமிழ், சந்தையில் சிங்களம் என்று எந்தத் தடையுமின்றி மாறி மாறிப் பேசிய ஊர்கள் இவை. பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்தின் மொழியான தமிழே பல இடங்களில் கற்பித்தல் மொழியாகவும் இருந்தது.

1939 இல் சிலாபம் தனி மறைமாவட்டமானது. 1940 முதல் 1972 வரை ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை வரலாற்று ஆராய்ச்சியாளர், இரு மொழி இலக்கியமும் அறிந்தவர். அவருடைய காலத்தில் கரையோரக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் தமிழ் மொழிமூலம் சிங்கள மொழிமூலமாக மாற்றப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவராக அவரையே ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அதே காலத்தில் அரசாங்கமும் ஆரம்பக் கல்வி தாய்மொழியில் என்று வலியுறுத்தியது. அரசாங்க சபையில் 1944 இல் சிங்களமும் தமிழும் அரச மொழிகளாக வேண்டுமென்ற தீர்மானம் நிறைவேறியது. தாய்மொழியில் படிப்பது நல்ல கொள்கை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் கரையில் தாய்மொழி எது? வீட்டில் தாய் பேசுவதா? பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் என்ற இடத்தில் எழுதியிருப்பதா? பெர்னாண்டோ என்ற பெயரோடு, வாய் நிறையத் தமிழோடு வந்த ஐந்து வயதுப் பிள்ளையை எந்தப் பாயில் உட்கார வைப்பது? காகிதம் சொன்னபடியே உட்கார வைத்தார்கள். முஸ்லிம் பெற்றோருக்கு மொழியைத் தெரிவு செய்யும் சலுகை இருந்தது. நம் பக்கத்தில் அவர்கள் பெரும்பாலும் தமிழையே எடுத்தார்கள்.

சில வீடுகளில் அக்கா தமிழ்ப் பிரிவு, தங்கை சிங்களப் பிரிவு. டிசம்பர் கடைசியில் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும்போது இது வெளிச்சத்துக்கு வரும். தங்கையின் அறிக்கையைத் தாயால் வாசிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்கோ சங்கக் கடை மனேஜரிடமோ கொண்டு போய்க் கேட்டு வருவார்கள். பிள்ளையின் வீட்டுப்பாடத்திலிருந்து தாயை நீக்கிவிடும் கல்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு கை குறைந்ததுதான். இதைச் சொல்லும்போது அந்தப் பெற்றோரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956 இல் சிங்களம் மாத்திரம் அரச கரும மொழியான பின்னர், பிள்ளைக்கு உத்தியோகம் வேண்டும் என்று நினைத்த தாய்க்கு வேறு வழி குறைவு. இன்று வென்னப்புவையிலும் மாரவிலவிலும் சிங்களத்தில் கனவு காணும் நம் தோழியர், நம்மைவிடக் குறைந்த பழைய மாணவியர் அல்லர். ஆனாலும் ஒரு தலைமுறை எழுதி வைத்த ஜெபப் புத்தகமும் சமையற் குறிப்பும் கடிதமும் அடுத்த தலைமுறைக்கு வெறும் கோலமாகிப் போனதை நட்டம் என்றே நான் எழுதுவேன். உடப்பிலும் முந்தலிலும் புத்தளம், கற்பிட்டி ஊர்களிலும் தமிழ் வகுப்பு நின்றது. கடற்கரையில் கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டு அங்கே இன்னும் தமிழில்தான் கேட்கிறது.

இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். முதலாம் வகுப்பில் அதன் விளைவு எப்படி இருந்தது என்றால், அடுத்த ஜனவரிகளில் தங்கைமாரும் வரத் தொடங்கினார்கள். மூத்தவளை நிறுத்தி அண்ணனைப் படிப்பிக்கும் கணக்கு உடனே போய்விடவில்லை. ஆனால் கட்டணம் ஒரு சாட்டாக இருக்க முடியாமல் போனது. பின்னாளில் பாலும் பணிசும், அதற்குப் பிறகு கெயார் நிறுவனத்தின் பிஸ்கட்டும் வந்தன. பிஸ்கட்டுக்காக வந்து எழுத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் நம்மில் பலர். வெட்கப்பட ஒன்றுமில்லை.

1960 டிசம்பர் இந்தக் கரையோரத்துக்கு மறக்க முடியாத டிசம்பர். அந்த ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை டிசம்பர் முதலாம் திகதி முதல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. கத்தோலிக்கப் பெற்றோர்கள் பாடசாலைகளுக்குள் புகுந்து இருந்துகொண்டார்கள். கடலுக்குப் போய் வந்த ஆண்களும் கைக்குழந்தையோடு பெண்களும் முறை வைத்து வகுப்பறைகளில் தங்கினார்கள். விடுமுறை வந்தும் பல பள்ளிகளின் கதவு பூட்டப்படவில்லை. அரிவரிப் பிள்ளைகளின் சிறு வாங்குகளை ஒன்றாய்ச் சேர்த்துப் படுத்தவர்களின் கால் வெளியே நீட்டிக்கொண்டு இருக்குமாம். 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியாஸ் வந்து பேசிய பிறகே நிலைமை தணிந்தது. பள்ளிகள் அரசாங்கப் பள்ளிகளாயின. சிஸ்டர்மார் பலர் அரசாங்க ஆசிரியைகளாக அதே வகுப்பில் அதே மணியடித்துத் தொடர்ந்தார்கள். அரசாங்கம் எடுத்தது சரியா பிழையா என்று இன்றும் நம் கூட்டங்களில் வாதம் நடக்கும். எல்லாச் சமயப் பிள்ளைக்கும் வாசல் அகலமானதை நான் சரியின் பக்கம் எழுதுகிறேன். மணியின் ஒழுங்கு தளர்ந்ததை மற்றப் பக்கம் எழுதுகிறேன்.

1972 இல் சேரும் வயதை ஆறாக்கினார்கள். சில வருடங்களில் மீண்டும் ஐந்தாக்கினார்கள். 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் இலவசச் சீருடைத் துணி. இவை நாடறிந்தவை.

1990 பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னாரிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் பலர். பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் தென்னந்தோட்டங்களும் தங்குமிடமாயின. கிடுகுக் குடிசைகள் எழும்பின. மூன்றாம் தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போது, புத்தகம் இல்லாமல், விடுகைப் பத்திரம் இல்லாமல் வந்த பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பது? ஐந்து வயதுப் பிள்ளையிடம் எந்த வகுப்பு என்று கேட்டால் “எங்கட ஸ்கூல்” என்று மட்டும் சொல்லும். இரண்டு பேர் வாங்கில் நான்கு பேர் இருந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளை “உம்மாட்ட சொல்லுவேன்” என்றால் வந்த பிள்ளை அதையே மன்னார்த் தமிழில் சொல்லும். இரண்டு பேரும் முதலில் சண்டை பிடித்தது பேச்சுக்காக அல்ல, சோகிக்காக. கடலோரத்தில் பிறந்த இருவருக்குமே சோகியின் விலை தெரிந்திருந்தது. இடமும் தண்ணீரும் வேலையும் போதாமல் வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் மனக்கசப்பு வந்த காலங்களும் உண்டு. மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் அந்த வருடத்து முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் மகளும் மகனும் இன்று ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்.

ஐந்து முதல் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1998 இல் வந்தது, 2016 இல் அது பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. புதிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி 1999 இல் நாடு முழுவதும் வந்தது. தரம் ஒன்றும் இரண்டும் முதலாம் முதன்மை நிலை. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்று வழிக் கற்பித்தல், அதில் தரம் ஒன்றுக்கு விளையாட்டே கூட. எனக்குப் பெரிய நிம்மதி தந்தது டிசம்பர்ப் பரீட்சை போனது. அதற்கு முன்னர் ஆறு வயதுப் பிள்ளையையும் புள்ளி போட்டு, முப்பத்தெட்டாவது இடம் என்று எழுதி, சிலரை “அதே வகுப்பில்” நிறுத்துவோம். நின்றவள் பெண்பிள்ளையானால், இரண்டாம் முறை நின்றதும் வீட்டோடு போய்விடுவாள். ஐப்பசியில் வாடியிலிருந்து திரும்பிய பிள்ளைகளே இதில் அதிகம் அகப்பட்டார்கள். இப்போது தொடர் மதிப்பீடு. என்ன தேர்ச்சி வந்தது, என்ன வரவில்லை என்று எழுதி மேலே அனுப்புகிறோம். படிவங்கள் அதிகம், ஆசிரியைமார் படிவம் நிரப்பியே கண் போகிறதென்கிறார்கள். அந்த முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு.

கொரோனாவோடு நாட்காட்டியே குழம்பியது. 2022 ஆம் கல்வியாண்டு ஏப்ரிலிலும் 2023 ஆம் ஆண்டினது மார்ச்சிலும் தொடங்கின. ஆகவே சில வருடங்கள் டிசம்பர் வருட முடிவாகவே இருக்கவில்லை. நட்சத்திரம் ஒட்டினார்கள், ஆனால் வகுப்பேறவில்லை.

கரையோர வீடுகளிலும் ஒரு மாற்றம். வென்னப்புவையைச் “சின்ன இத்தாலி” என்று அழைக்கும் அளவுக்குத் தாய்தகப்பன்மார் இத்தாலி போனார்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில் வளைகுடா நாடுகள். முதலாம் வகுப்பு வாசலில் பிள்ளையை விட வருவது பல வீடுகளில் பாட்டியோ உம்மம்மாவோதான். முன்பு சோளகம் தொடங்கப் போய் வாடைக்குத் திரும்பினார்கள். இப்போது போனவர்கள் சிலர் வருடக்கணக்கில் திரும்புவதில்லை. நத்தார் வாழ்த்து அட்டையில் “அம்மாவுக்கு” என்று எழுதிய பிள்ளை அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லும். இந்த மலரைத் தூர தேசத்தில் வாசிக்கும் நம் பழைய மாணவியர் சிலருக்கு அப்படிப் படம் வந்திருக்கும்.

இப்போது தவணையின் கடைசி வாரத்தில் தரம் ஒன்றுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜனவரியில் புதிய பிள்ளைகள் வரும்போது, தரம் இரண்டுக்கு ஏறியவர்கள்தான் கை பிடித்து வகுப்புக்குள் அழைத்துப் போவார்கள். அந்த நாளுக்காகக் கடதாசிப் பூவும் மாலையும் தொப்பியும் டிசம்பரிலேயே செய்து பெட்டியில் வைப்பார்கள். பெட்டியின் மேல் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டித்தான் எண்ணுகிறார்கள்.